தலைக்கு மூன்று லெவா

என் சமையலறை ஜன்னலுக்குக் கீழே
ரோமர்கள் குளித்த இடம்.
பதினோரு வருடமாக அதைப் பார்த்தபடிதான்
பாத்திரம் கழுவுகிறேன்.
ஒருநாளும் இறங்கிப் போனதில்லை.

இன்று காலை குழாய்
இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.
தலை நிறைய ஷாம்பூ.
மேலே ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு
நான்கு மாடி இறங்கினேன்.

குழாய்க்காரர் ஒக்னியான்
கிழிந்த வரைபடம் ஒன்றைத்
தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பார்த்தார்.
"உங்கள் கட்டடத்து வால்வு
வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கிறது."

வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்த்ராவ்கா,
மடக்கு நாற்காலியில், சீட்டுக் கட்டோடு.
"வால்வு பார்க்க வந்தாலும்
தலைக்கு மூன்று லெவா."
ஸ்பானருக்குப் பாதி விலையா என்றார் ஒக்னியான்.
அவள் சிரிக்கவில்லை.
என் துண்டை ஒருமுறை பார்த்தாள்,
இரண்டு சீட்டுக் கிழித்தாள்.

துணி மாற்றும் அறையில்
ஒரு பூனை மட்டும், மாற்ற எதுவுமின்றி.
எதிர்க்கட்டடத்துப் பால்கனிகளில்
யார் யாருடையதோ உள்ளாடைகள் காய்ந்தன.

வெந்நீர் அறைக்குத் தரை இல்லை.
முழங்கால் உயரச் செங்கல் தூண்கள்,
பந்தி முடிந்தும் யாரும் எடுத்துவைக்காத
முக்காலிகள் போல.
இவற்றின் நடுவேதான் நெருப்பின் மூச்சு ஓடியதாம்.
மேலே நடந்தவர்கள்
கால் சுடாமலிருக்க மரச்செருப்பு போட்டிருந்தார்களாம்.
அறிவிப்புப் பலகையில் பாதி எழுத்தை
வெயில் தின்றிருந்தது.

ஒக்னியான் மண்டியிட்டார்.
வால்வுதான் என்று நினைத்தேன்.
சுடுமண் குழாய் ஒன்றின் வாய்க்குள்
இரண்டு விரலை விட்டுச் சுற்றினார்,
பல் முளைத்ததா என்று
குழந்தையின் ஈறைத் தடவுவது போல.
"சுண்ணாம்பும் எண்ணெயும்.
எவ்வளவு கச்சிதம்.
போன மாதம் நான் போட்ட இணைப்பு
இதற்குள் ஒழுகுகிறது."
சொன்னது என்னிடம் இல்லை.

பிறகு அடுப்பு வாய்க்குள் தவழ்ந்தார்.
வெளியே தெரிந்தவை
இரண்டு காலணிகளும் ஓட்டை விழுந்த ஒரு காலுறையும்.
உள்ளிருந்து வந்த குரலில் கரி ஒட்டியிருந்தது:
"நாள் முழுக்க இதற்குள் ஒருவன்
விறகு தள்ளிக்கொண்டிருந்திருப்பான்.
அவன் எங்கே குளித்தான்?"

எனக்குத் தெரியவில்லை.
பலகையிலும் இல்லை.
பின்னால் எப்போது வந்தாளோ,
"கடலில்" என்றாள் ஸ்த்ராவ்கா,
தன் சித்தப்பாவைப் பற்றிக் கேட்டதுபோல.
கடல் இங்கிருந்து இரண்டு தெரு.

அவள் கையில் ஐந்து லிட்டர் பாட்டில்.
"என் வீட்டிலும் நேற்றிலிருந்து இல்லை.
தேநீருக்கென்று வாங்கியது.
குனி."

குளிர்நீர்த் தொட்டியின் விளிம்பில் குனிந்தேன்.
"கேமரா?" என்றேன்.
"அது போன பனிக்காலத்திலேயே செத்துவிட்டது."

பிடரியில் விழுந்தது முதல் வாய்த் தண்ணீர்.
ஐயோ, என்ன குளிர்!
நான் போட்ட சத்தம்
மூன்று சுவர்களிலும் மோதி
நாலாவது சுவர் இல்லாததால் தெருவுக்குப் போனது.
டிராலி பஸ்ஸில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.
அவள் விரல்கள் காதுக்குப் பின்னால்
மிச்ச நுரையைத் தேடின,
கறாராக, கணக்குப் பார்ப்பவளின் விரல்கள்.

நுரை கல்லில் விழுந்தது.
கொஞ்சம் தயங்கியது.
பிறகு இடப்பக்கம் திரும்பி,
புல்லை ஒதுக்கி, பூனையைச் சுற்றி,
மூலையில் நான் பார்த்தேயிராத ஒரு துளைக்குள்
ஓசையோடு இறங்கிப் போனது.

முட்டியைத் தட்டிக்கொண்டே வெளியே வந்த ஒக்னியான்
அது போன வழியை
கடைசிச் சொட்டு வரை பார்த்தார்.
"வாட்டம் சரியாக இருக்கிறது," என்றார்.

வால்வு கிடைக்கவில்லை.
வாசலில் ஈரத் தலையைத் துவட்டியபடி
சீட்டைத் தேடினேன்;
என் மணிக்கட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.
"தூக்கிப் போடாதே," என்றாள் ஸ்த்ராவ்கா,
"இன்று சாயங்காலம் வரை செல்லும்."